கொடிக்கம்பம் சுற்றி வந்தது "அனுமதி மறுப்பா"? எஸ்டாவில் என்ன பதில் போடுவது?

சசி_மிசிசாகா
வணக்கம். என்னிடம் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 2022 மே மாதம், புது கனடா வொர்க் பெர்மிட்டைக் கையோடு வாங்க நயாகராவின் ரெயின்போ பாலத்தில் ஃபிளாக்போல் செய்தேன். அதாவது கொடிக்கம்பம் சுற்றுவது: கனடாவிலிருந்து அமெரிக்க எல்லை வரை போய், உடனே திரும்பி வந்து கனடா எல்லையிலேயே பெர்மிட் வாங்குவது. பாலத்தைக் கடந்து அமெரிக்க ஆபீசரிடம், "உள்ளே வரவில்லை, கனடா பக்கம் பெர்மிட் வாங்கத்தான் வந்தேன்" என்று முதலிலேயே சொன்னேன். காரை ஓரங்கட்டச் சொல்லி, சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, விரல் ரேகை எடுத்தார்கள். அரைமணி நேரம் கழித்து ஒரு தாளைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கனடா பக்கத்தில் பெர்மிட் கிடைத்தது.

இப்போது நியூ ஜெர்சியில் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். எஸ்டா படிவத்தில் (விசா இல்லாமல் அமெரிக்கா போக இணையத்தில் முன் அனுமதி கேட்பது) ஒரு கேள்வி வருகிறது: அமெரிக்க விசா மறுக்கப்பட்டிருக்கிறதா, நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா, எல்லையில் நுழைவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றிருக்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை. எதைப் போடுவது? இரண்டு நாளாக அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

பிரம்டன்வாசி
"இல்லை" போடுங்கள் தம்பி. மறுப்பு என்றால் நீங்கள் ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும், அவர்கள் தரமாட்டேன் என்றிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவே இல்லையே. கனடா பக்கம் திரும்பிப் போக ஒரு தாள் தேவை, அதைக் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்து 2024 மார்ச் வரை மட்டும் 69,300 பேருக்கு மேல் ஃபிளாக்போல் செய்ததாகக் கனடா எல்லைச் சேவையே சொன்னது. இத்தனை பேரையும் அமெரிக்கா விரட்டி அடித்ததா என்ன? நானும் 2023ல் லூயிஸ்டன் பாலத்தில் இதையேதான் செய்தேன். வேலைக்குப் போகிறவன், வரி கட்டுகிறவன், ஒரு குற்றமும் செய்யாதவன், தன்னைத்தானே "மறுக்கப்பட்டவன்" என்று எழுதிக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

கண்மணி
சசி, "இல்லை" போடாதீர்கள். நான் எட்டு வருடமாக ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கோப்பு பார்க்கும் வேலையில் இருக்கிறேன்.

"நான் கேட்கவே இல்லை" என்ற வாதம் நம் நியாயத்துக்குச் சரி. அமெரிக்கச் சட்டத்துக்குச் சரியில்லை. அவர்களுடைய குடிவரவுச் சட்டத்தின் 235ஆம் பிரிவு, அமெரிக்க மண்ணுக்கு வந்து சேரும் வெளிநாட்டவரை நுழைவு கேட்பவராகவே கருதுகிறது. எல்லைக்கோடு ஆற்றின் நடுவே, பாலத்தின் மேல் இருக்கிறது. ஆபீசரின் கூண்டு அதைத் தாண்டி அந்தக் கரையில். நீங்கள் வாயைத் திறக்கும் முன்னரே அவர்கள் கணக்கில் விண்ணப்பதாரர் ஆகிவிட்டீர்கள். இன்னொன்று, அந்தக் கேள்வியில் "திரும்பப் பெற்றீர்களா" என்பதும் இருக்கிறது. மறுப்பு இல்லை என்று வாதாடினாலும் அதில் மாட்டுவீர்கள்.

தோழன்82
எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை என்று நினைக்கிறேன். நான் இந்திய பாஸ்போர்ட், அப்போது கையில் செல்லுபடியான அமெரிக்க விசா இருந்தது. கியூபெக்கின் லாக்கோல் எல்லையில் போனேன். என்னை உள்ளே அனுமதித்தார்கள், அந்தப் பக்கம் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பினேன். எனக்கு மறுப்பும் இல்லை, திரும்பப் பெறுதலும் இல்லை. அப்புறம் விசா புதுப்பிக்கும்போது டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் "இல்லை" என்றே போட்டேன், அது உண்மை. சசி, உங்களுக்குக் கொடுத்த தாளில் என்ன தலைப்பு இருக்கிறது? அதைப் பார்க்காமல் நாம் பேசிப் பயனில்லை.

சசி_மிசிசாகா
தேடி எடுத்துவிட்டேன். பழைய பெர்மிட்டுக்குப் பின்னால் நாலாக மடித்து வைத்திருக்கிறேன். மேலே அச்சில், அமெரிக்காவுக்குள் அனுமதி மறுக்கும் அறிவிப்பு என்று இருக்கிறது. கீழே காரணம் எழுதும் இடத்தில் நீல மையில், கையெழுத்தில் "ஃபிளாக்போல்" என்று ஒரே சொல். பக்கத்தில் தேதி. அன்றைக்கு இதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

பிரம்டன்வாசி
பார்த்தீர்களா, காரணமே "ஃபிளாக்போல்". அச்சடித்த படிவம் எல்லோருக்கும் ஒன்றுதான். சரி, தலைப்பு அப்படி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொய்த்தகவல் என்று தண்டிக்க, அது வேண்டுமென்றே சொன்னதாகவும் முடிவை மாற்றக்கூடிய முக்கியமான விஷயமாகவும் இருக்க வேண்டும். ஃபிளாக்போல் செய்ததற்காக யாருக்கும் விசா தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பிறகு எப்படி அது முக்கியமான விஷயம் ஆகும்?

கண்மணி
அண்ணா, நீங்கள் சொல்லும் அந்த இரண்டு நிபந்தனைகளும் உண்மைதான். நல்ல வக்கீல் அதை வைத்து வாதாடலாம். ஆனால் அந்த வாதம் எப்போது வரும்? விமான நிலையத்தில் தனி அறையில் உட்கார்ந்த பிறகு. வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று முடிவானால் அமெரிக்காவில் ஆயுள் முழுக்கத் தடை, ஒவ்வொரு முறையும் விலக்கு கேட்டுத்தான் போக வேண்டும். மறுப்புத் தாள் வாங்கியதற்கு அப்படித் தனித் தடை ஏதும் இல்லை. தண்டனை இல்லாத ஒன்றை மறைத்து, தண்டனை உள்ள ஒன்றைச் செய்வானேன்? விரல் ரேகை எடுத்திருக்கிறார்கள், அது அவர்கள் கணினியில் இருக்கிறது. சசி இந்தக் கேள்வியை இங்கே எழுதிக் கேட்டுவிட்டார். இனித் தெரியாமல் போட்டேன் என்றும் சொல்ல முடியாது.

சசி, நடைமுறைக்கு வருகிறேன். எஸ்டாவில் "ஆம்" போட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், பரிசீலனைக் கட்டணமும் போகும். எஸ்டாவை விட்டுவிட்டு நேராக பி1/பி2 என்ற வருகையாளர் விசாவுக்குப் போங்கள். கட்டணம் 185 டாலர், நேர்முகம் உண்டு. டிஎஸ்-160லும் இதே கேள்வி வரும், ஆனால் "ஆம்" போட்டால் விளக்கம் எழுத இடம் தருகிறார்கள். தேதி, பாலத்தின் பெயர், கனடா வொர்க் பெர்மிட்டுக்காகத் திரும்பியது, நாட்டுக்குள் நுழையும் எண்ணம் இருக்கவில்லை என நாலு வரி போதும். அந்தத் தாளையும் அன்று கிடைத்த பெர்மிட்டின் நகலையும் கொண்டு போங்கள். அமெரிக்க எல்லைத் துறையில் உங்கள் பதிவு எப்படி இருக்கிறது என்று அவர்களுடைய தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கவும் முடியும். நேரம் எடுக்கும், இப்போதே போட்டு வையுங்கள்.

தோழன்82
2024 டிசம்பர் 23க்குப் பிறகு, ஃபிளாக்போல் செய்து வருபவர்களில் பெரும்பாலானோருக்கு எல்லையில் வொர்க் பெர்மிட், ஸ்டடி பெர்மிட் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் முன்பு வாங்கிய தாள்கள் எத்தனை பேர் அலமாரியில் படிக்கப்படாமல் கிடக்கின்றனவோ.

சசி_மிசிசாகா
விசாவுக்கே போடுகிறேன். டொராண்டோவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கல்யாணத்துக்கு முன் தேதி கிடைக்குமா என்று தெரியவில்லை. பெரியம்மாவிடம் இன்று சொல்லிவிட்டேன், அழுதுவிட்டார். ஆனாலும் "அவங்க கேட்டதற்கு நீ உள்ளதைச் சொல்லிட்டு வா" என்றார். நன்றி கண்மணி அக்கா.

பிரம்டன்வாசி
தாளின் வாசகம் தவறு என்பதில் நான் மாறவில்லை. வேலைக்காக வரிசையில் நின்றவனுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்திருக்கக் கூடாது.

ஆனால் கண்மணி, ஒன்று கேட்க வேண்டும். கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) படிவத்திலும், எந்த நாட்டிலாவது நுழைவு மறுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு கேள்வி இருந்தது. நான் "இல்லை" என்று போட்டு அனுப்பியிருக்கிறேன். மனைவி, பிள்ளைகள் பெயரும் அதே விண்ணப்பத்தில்தான். இன்னும் முடிவு வரவில்லை.

கண்மணி
முடிவு வரவில்லை என்பதுதான் நல்ல செய்தி. கனடாக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் தவறான தகவல் தருவதற்கு ஐந்து வருடத் தடை இருக்கிறது. அவர்களாகக் கண்டுபிடித்துக் கடிதம் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டாம். குடிவரவுத் துறையின் இணையப் படிவத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு, என்ன நடந்தது, ஏன் "இல்லை" என்று நினைத்தீர்கள் என்பதை எழுதி, தாளை ஸ்கேன் செய்து இணையுங்கள். முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். லூயிஸ்டனில் கொடுத்த தாள் கையில் இருக்கிறதா?

பிரம்டன்வாசி
இருக்க வேண்டும். இப்போதே தேடுகிறேன்.