மறு: கேஸ் தீ நிறம் – நீலச்சுடர், மஞ்சட்சுடர்னே வச்சிடலாமா?

எல்லாருக்கும் வணக்கம். காத்தோட முன்னாடியே கலந்து எரியுற கேஸ் தீக்கும், வெளிய வந்த பிறகு கலந்து எரியுறதுக்கும் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு பேசிட்டு இருக்கோம்ல, அதுக்குத்தான் இந்தப் பதில்.

> நீலச்சுடர், மஞ்சட்சுடர்னே போட்டுடலாமே, படிக்கிற பசங்களுக்கு உடனே புரியும்

புரியும்தான் ஐயா, ஆனா நிறத்தை வச்சு பேர் வச்சா அடுத்த பாடத்துலயே மாட்டிக்குவோம். அடுப்பு நீலமா எரிஞ்சிட்டு இருக்கும்போது சாம்பார் பொங்கி வழிஞ்சா தீ மஞ்சளாகுதுல்ல, அதுல பெரும்பங்கு உப்புல இருக்குற சோடியத்தோட வெளிச்சம், 589 நானோமீட்டர் பக்கத்துல வர்றது. காத்து பத்தாம வர்ற மஞ்சள் வேற சங்கதி. அங்க எரியாத கார்பன் பொடிப்பொடி கரித்துகளா சேர்ந்து அந்தச் சூட்டுல தகதகன்னு ஒளிருது, பாத்திரத்து அடியில கரி பிடிக்கிறதும் அதாலதான். கண்ணுக்கு ரெண்டும் மஞ்சள், காரணம் வேற வேற. நீலமும் அப்படித்தான், கேஸ் உடையும்போது உண்டாகுற கார்பன்-ஹைட்ரஜன் துணுக்கு 431 நானோமீட்டர்ல ஊதாநீலம் விடுது, ரெண்டு கார்பன் சேந்த துணுக்கு நீலப்பச்சை விடுது, ஹைட்ரஜனை எரிச்சா இது எதுவுமே இல்லாததால பகல்ல தீ இருக்குறதே சரியா தெரியாது, அதுக்கு எந்த நிறத்துல பேர் வைப்பீங்க?

ஆய்வுக்கூடத்துல இருக்குற பர்னருக்குப் பேர் தந்த வேதியியலாளர் புன்சன் கதையையே எடுங்க. 1855 வாக்குல ஹைடல்பெர்க்ல அவரும் கருவி செய்யிற டெசாகாவும் அந்த பர்னரைப் பண்ணாங்க, அவருக்கு வேண்டியது நல்லா சூடா ஆனா தன் நிறம் ரொம்பக் காட்டாத ஒரு தீ. அப்பதானே அதுல போடுற உப்போட நிறம் தெரியும். அந்தத் தீயை வச்சுத்தான் அவரும் இயற்பியலாளர் கிர்ச்சாஃபும் 1860ல சீசியம், 1861ல ருபீடியம்னு புதுத் தனிமங்களைக் கண்டுபிடிச்சாங்க. பர்னர்ல புன்சனும் டெசாகாவும் மாத்துனது நிறத்தை இல்ல, காத்து எங்க வந்து சேருதுங்கிறதை. அடியில இருக்குற வளையத்தைத் திருப்பி ஓட்டையை மூடினா கேஸ் வெளிய வந்த பிறகுதான் விளிம்புல காத்தோட சேரும், நடுவுல ஆக்சிஜன் இல்லாம கரிதான். திறந்தா குழாய்க்குள்ளயே கலந்துட்டு மேல வரும்.

அதனால என் ஓட்டு, முன்னாடியே கலந்து எரியுறது முன்கலப்புச் சுடர், வெளிய வந்து விரவி எரியுறது விரவற்சுடர். போன மடல்ல வந்த 'பரவல் சுடர்' வேணாம், குடிசையில தீ பரவுற மாதிரி கேக்குது.

வீட்டு அடுப்பு ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. சிலிண்டர் கேஸ்ல இருக்குற புரோப்பேன், கன அளவுல ஒரு பங்கு முழுசா எரிய சுமார் 24 பங்கு காத்து, பியூட்டேனுக்கு 31, இவ்வளவும் குழாய் வழியா வர்றதில்ல, மீதி பர்னரைச் சுத்தி இருக்குற காத்துலேந்து. இந்த ரெண்டு காத்துக்கும் 'முதன்மைக் காற்று', 'இரண்டாம்நிலைக் காற்று'ன்னு போட்டிருக்காங்க, ஏதோ பதவி உயர்வு மாதிரி. உட்காற்று, புறக்காற்று போதாதா?

---

> உட்காற்று, புறக்காற்று போதாதா?

நீங்க சொன்ன புறக்காற்று அருமை, எடுத்துக்கலாம். உட்காற்றுலதான் எனக்கு இழுபறி. அது தானா உள்ள இருக்குற காத்து இல்லையே, ஜெட்லேந்து, அதாவது கேஸ் பீச்சி வர்ற சின்னத் துளையிலேந்து, கேஸ் பாயுற வேகம்தான் அதை உறிஞ்சி இழுக்குது. உறிகாற்றுன்னு வினைத்தொகையா வச்சா எப்படி வருதுங்கிறதும் பேருக்குள்ளயே வந்துடும். ஜெட்ல தூசி அடைச்சா கேஸ் குறையும், உறியுறதும் குறையும், காத்து நுழையுற ஓட்டையில ஒட்டடை அடைச்சா கேஸ் அப்படியே வரும் காத்து மட்டும் குறைஞ்சு தீ மஞ்சளாகும்னு சொல்லிக் கொடுக்கவும் வசதி. மஞ்சள்னா கரி மட்டுமில்ல, கார்பன் மோனாக்சைடும் கூடும், அந்த எச்சரிக்கையும் சேத்தே எழுதணும்.

இன்னும் ரெண்டு சொல் பாக்கி. தீ 'டப்'புன்னு பர்னருக்குள்ள இறங்கிடுறதுக்கு 'பின்னெரிவு' சரின்னு நினைக்கிறேன். உறிகாற்று கூடி தீ பர்னர் ஓட்டையை விட்டு மேல தாவி எரியுதே, அதுக்கு அகராதிக் குழுவுல 'சுடர்த்தூக்கம்'னு வந்திருக்கு. தீ தூங்குதுன்னு நினைச்சுக்குவாங்க. 'சுடரெழும்பல்'னு மாத்தலாம்னா யாழ்ப்பாணத்து நண்பர் சிரிக்கிறார், அவங்க ஊர்ல எழும்புறதுன்னா தூக்கத்துலேந்து எழுந்திரிக்கிறதாம். வேற யாராவது சொல்லுங்கப்பா.