உரல் இழுக்கும் கண்ணன், சீனத்துப் புத்தர் கோயிலில்

வேலை நிமித்தமாகச் சீனாவின் ஷியாமென் நகரத்துக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகக் கிடைத்தது. அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் குவான்சோ என்ற துறைமுக நகரம். அங்குள்ள கையுவான் புத்தர் கோயிலைப் பார்த்தே தீருவது என்று பல வருடங்களாக மனதில் வைத்திருந்தேன்.

686-ஆம் ஆண்டில் தோன்றிய கோயில். அந்த இடம் ஒரு செல்வந்தரின் முசுக்கொட்டைத் தோட்டமாம். துறவி ஒருவர் இடம் கேட்க, "என் மரத்தில் தாமரை பூத்தால் தருகிறேன்" என்றாராம்; பூத்துவிட்டதாம். அதுதான் என்று காட்டப்படும் கிழட்டு மரம் மூன்றாகப் பிளந்தும் இன்னும் தளிர்விடுகிறது. கிழக்கிலும் மேற்கிலும் ஐந்து நிலைக் கற்கோபுரங்கள், 13-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். கிழக்குக் கோபுரத்தின் உயரம் 48 மீட்டர். மரத்தச்சன் பூட்டுவதைப் போலவே கல்லில் உத்தரங்களைப் பூட்டியிருக்கிறார்கள். 1604-இல் வந்த பெரும் நிலநடுக்கத்துக்கும் அவை அசையவில்லை.

பெரும்பாலானவர்கள் முன்வாசலில் ஊதுபத்தி காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்தாழ்வாரத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு தூண்கள் மட்டும் தனியாகத் தெரியும். பதினாறு பட்டை, இடையிடையே சதுரம், சதுரத்துக்குள் வட்டமாகச் சிற்பம். நம் ஊர் மண்டபத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தூண்தான், சந்தேகமே வேண்டாம். மடியில் இரணியனைக் கிடத்திய நரசிங்கத்தைப் பார்த்தேன். பக்கத்திலேயே கோபியர் துகிலைக் கவர்ந்த கண்ணன். இன்னொரு வட்டத்தில், இரண்டு மருத மரங்களுக்கு நடுவே உரலை இழுத்துக்கொண்டு போகிறான் குழந்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிறுவயதில் பாட்டி மடியில் கேட்ட கதை அது.

இங்கு வணிகம் செய்த தமிழர்கள் 1281-ஆம் ஆண்டு, சக ஆண்டு 1203 சித்திரையில், சிவனுக்கு ஒரு கோயில் எடுத்திருக்கிறார்கள். சீனாவை மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் ஆண்ட காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர் எழுந்தருளுவித்ததாகத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. குவான்சோவில் கிடைத்த இந்துச் சிற்பங்களில் சிவனும் உண்டு, திருமாலும் உண்டு. கட்டடங்கள் பின்னாளில் அழிந்தன. மிங் அரசர்கள் காலத்தில் புத்தர் மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள், இந்தக் கற்களை உடைத்து அடித்தளத்தில் போட்டுப் புதைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் தூணாகவே நிறுத்தினார்கள். முன்புற மேடையின் அடியில் மனிதமுகச் சிங்கங்களைக் கொண்ட பலகைகளை வரிசையாகப் பதித்தார்கள். அந்தக் கொத்தனார்களை நினைத்துக் கைகூப்பினேன்.

வெகுநேரம் நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து, பேத்தியோடு வந்திருந்த ஒரு பாட்டி அருகில் வந்தார். எனக்குச் சீனம் தெரியாது. இடுப்பில் கயிறு கட்டுவதுபோலக் காட்டி, இழுத்து, இரண்டு கைகளாலும் மரங்களைச் சாய்த்துக் காட்டினேன். பிறகு, தவறு செய்த பிள்ளையை அம்மா கட்டிப்போடுவதுபோல விரலை ஆட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். பேத்தியைத் தூக்கி, அவள் விரலைப் பிடித்து அந்தக் குழந்தையின் கன்னத்தில் வைத்தார். கல் அந்த இடத்தில் மட்டும் வழவழவென்று மின்னியது.