மேடைக்கு முன் பாயின்ட் ஷூ (பாலேயில் கால்விரல் நுனியில் நின்றாட அணிவது) படும் பாடு: நீங்கள் பார்த்தது என்ன?

பின்மேடை
லண்டன் அரங்கு ஒன்றில் உடை உதவியாளராக இருந்தபோது பார்த்தது. ஸ்வான் லேக் பாலே, மூன்றாம் அங்கம் தொடங்கப்போகிறது. ஒடீலாக, அதாவது கறுப்பு அன்னமாக, ஆடவேண்டியவர் புதுச் சோடியின் முனையைக் கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தி நெரித்தார். பிறகு சிமெண்ட் படியில் மடேர் மடேரென்று அடி. மேடையில் டொக் டொக்கென்று கேட்காமலிருக்கத்தான் என்பது தெரியும்; ஆனாலும் முகத்தில் துளி இரக்கமில்லை. 32 ஃபுவெத்தே (ஒற்றைக்காலில் சுற்றுவது) சுழன்று வந்தவர், திரை விழுந்ததும் அதைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். சாட்டினின் பளபளப்புகூடப் போகவில்லை. இன்றும் மனம் ஆறவில்லை.

ஊசிநூல்
அக்கா மகள் குறட்டால், பாதத்தைத் தாங்கும் உள்ளட்டையின் ஆணியைப் பிடுங்கி, அட்டையை முக்கால் நீளத்தோடு கத்தியால் நறுக்கினாள். முனையில் சாட்டினை உரித்து, ஓரத்தைச் சுற்றிப் பல்லிடுக்கு நூலால் தையல். ரிப்பன் நுனி பிரியாமலிருக்க லைட்டரால் பொசுக்கினாள். விலையைக் கேட்டுவிட்டுப் பார்த்த எனக்குத்தான் வயிறு எரிந்தது.

பழைய ஆசிரியை
குப்பையில் போட்டதற்கா இத்தனை துக்கம்? அந்த முனைக்குள் இருப்பது மரக்கட்டை என்று நினைப்பா? லண்டன் ஃப்ரீட் நிறுவனத்தினுடையது போன்ற மரபான ஷூவில் சாக்குத்துணி, காகிதம், பசை, அவ்வளவுதான். வியர்வையில் இளகிவிடும். இளகியதைப் போட்டு ஆடினால் கணுக்கால் யாருடையது? ஊசிநூலுக்கும் ஒரு வார்த்தை: முனை இறுக ஷெல்லாக்கை (அரக்குக் கரைசலை) உள்ளே ஊற்றினால் ஓரிரவு காயவிடச் சொல்லுங்கள். அவசரமென்றால் சூப்பர் குளூ போதும். ஆடி முடித்த சோடியைப் பிளாஸ்டிக் பையில் அடைக்கவே கூடாது, காற்றாடத் தொங்கவிட வேண்டும். வாங்கும்போது அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். மீன், மணி, நங்கூரம் என்று செய்தவருக்கொரு குறி. காலுக்குப் பொருந்தும்படி செய்பவரின் குறியை விட்டுவிடாதீர்கள். சோடியில் வலது, இடது என்று கிடையாது, ஆகவே…

கறுப்பு அன்னம்
ஆசிரியை அம்மா, யாரும் கேட்கவில்லையே! என் நினைவு வேறு. ஃப்ரீடும், கறுப்பின, ஆசிய நடனக் கலைஞர்களின் பாலே பிளாக் குழுவும் சேர்ந்து பழுப்பு நிற ஷூ கொண்டுவந்தது 2018இல்தான். அதற்கு முன் எங்களைப் போன்ற கறுத்த நிறத்தவர்கள் இளஞ்சிவப்புச் சாட்டின்மேல் முகப்பூச்சைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி நிறம் மாற்றுவோம். ஒருமுறை ரிப்பனில் பூசியது காயாமல், இணையாக ஆடியவரின் வெள்ளைச் சட்டையில் என் நிறம் பட்டையாக இறங்கிவிட்டது. வணக்கம் சொல்லும்போது முதல் வரிசையே அதைத்தான் பார்த்தது.

ஊசிநூல்
நங்கூர முத்திரை எங்களிடமும் இருக்கிறது! அது போகட்டும், பல்லிடுக்கு நூலில் மெழுகு பூசியது நல்லதா, பூசாததா?