மறு: ‘போலி நண்பன்’ வேண்டாம், ‘உருவொத்த சொல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

வேற்றுமொழிகளில் ஒத்துத் தெரியும் சொற்களுக்குப் பெயர் தேடும் இந்த விவாதத்தை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்றுப் பன்மொழிச் சொற்பட்டியலில் ‘தா’ என்ற வரியைத் திறந்ததும், இனி எழுதாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. ஒரே கட்டத்துக்குள் தமிழுக்குக் ‘கொடு’, லத்தீனுக்கும் ‘கொடு’, ரஷ்ய மொழிக்கு ‘ஆம்’ என்று பொருள் போட்டு, ஓரத்தில் ‘பொது வேர்?’ என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். இரண்டு ஆண்டுக்கு முன் செய்த வேலை.

அந்தக் கேள்விக்குறியை எடுப்பதா, விடுவதா? இதைப் பேசவே ஒரு சொல் தேவைப்படுகிறது. வெவ்வேறு மொழிகளில் ஒரே மாதிரி எழுதப்படும் அல்லது ஒலிக்கும், ஆனால் பொருளிலோ பிறப்பிலோ வேறான சொற்களை என்னவென்று அழைப்பது? இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்து இது.

> பிரெஞ்சில் ‘போலி நண்பர்கள்’ என்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாமே.

வேண்டாம் என்கிறேன். அந்தப் பெயரை 1928இல் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்காக உருவாக்கினார்கள். ஆங்கிலச் சொல்லைப் பார்த்து, ‘அட, நம்ம ஊர்ச் சொல்’ என்று நம்பி ஏமாறாதீர்கள் என்ற எச்சரிக்கை அது. ஏமாறும் ஆளை வைத்து வந்த பெயர். அகராதிக்கு வேண்டியது சொல்லின் தன்மையைச் சொல்லும் பெயர்.

அதோடு ‘போலி’ நம் இலக்கணத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. பந்தல், பந்தர், மஞ்சு, மைஞ்சு. எழுத்து மாறுகிறது, பொருள் மாறவில்லை. நமக்கு வேண்டியதோ நேர் தலைகீழ்: உரு அப்படியே இருக்கிறது, பொருள் வேறு. இதற்குப் போய்ப் ‘போலிச்சொல்’ என்று பெயர் வைத்தால் இலக்கணம் படித்தவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

> தொல்காப்பியர் தந்த ‘பலபொருள் ஒருசொல்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இந்தக் கேள்வி வலுவானது. ஆனால் அந்தத் தொடரில் ‘ஒருசொல்’ என்பதைக் கவனியுங்கள். ஒரு மொழிக்குள், ஒரே சொல்லாகப் பார்க்கப்படுவதற்கு வைத்த பெயர் அது. ‘மா’வை எடுங்கள். நன்னூலார் சொன்ன நாற்பத்திரண்டு ஓரெழுத்துச் சொற்களில் ஒன்று. மாமரம், விலங்கு, அரைத்த மாவு, ‘வேலி’ என்ற நில அளவில் இருபதில் ஒரு பங்கு, அப்புறம் வடமொழி வழியாக வந்த திருமகள். தமிழுக்குள்ளேயே இது ஒரு சொல்லா, ஒரே உடுப்பு மாட்டிய ஐந்து சொற்களா என்று கேட்கலாம். வெளியே போனால் இத்தாலியில் அது ‘ஆனால்’. பிரெஞ்சில் பெண்பால் பெயருக்கு முன்னால் வரும் ‘என்’. ஹங்கேரியில் ‘இன்று’. சீனத்தில் தொனியைப் பொறுத்து அம்மா, சணல், குதிரை, திட்டு. இத்தனையையும் ‘ஒருசொல்’ என்று எந்த மனத்தோடு எழுதுவது?

பின்லாந்து மொழியில் ‘மா’ என்றால் நிலம், நாடு. நம் நில அளவை நினைத்து யாராவது துள்ளிக் குதிக்கும் முன் எஸ்தோனியாவையும் பார்த்துவிடலாம். அது பின்லாந்து மொழிக்குத் தங்கை மாதிரி. அங்கே நெடிலாக ‘மா’ என்றால் நிலம். இது பின்லாந்துச் சொல்லின் உடன்பிறப்பு. குறிலாக ‘ம’ என்றால் ‘நான்’; அதற்கும் நிலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மொழிகள் உறவாக இருந்தும், பார்வைக்கு ஒத்த சொற்கள் உறவாக இல்லை.

சரி, ‘தா’வுக்கு வருகிறேன்.

லத்தீனில் ஒருவரைப் பார்த்து ‘கொடு’ என்று ஏவ, ‘தா’ என்றால் போதும். வடமொழியிலும் கொடுத்தலுக்கு வேர் அதுவே. இந்த இரண்டும் உண்மையாகவே இனச்சொற்கள், ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. தமிழ் ‘தா’வும் அதே ஒலி, அதே பொருள். இரண்டு ஆண்டுக்கு முன் நான் கேள்விக்குறி போட்டதற்கு இதுதான் காரணம். இப்போது பார்த்தால், தமிழுக்குள்ளே இந்தச் சொல் யாரோடு கூட்டாளி என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். தா, தரு, தந்தான். வா, வரு, வந்தான். அச்சு அசலாக ஒரே வார்ப்பு. தொல்காப்பியமும் தருதலையும் வருதலையும் சேர்த்தே வைக்கிறது: இரண்டும் பேசுபவரையும் கேட்பவரையும் நோக்கியவை, கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு உரியவை. ‘ஈ’ என்பது இழிந்தோன் கேட்பது, ‘தா’ ஒப்போன் கேட்பது, ‘கொடு’ உயர்ந்தோன் கேட்பது என்ற பாகுபாடு வேறு இருக்கிறது. இவ்வளவு ஆழமாக உள்வீட்டு உறவுள்ள சொல்லை, லத்தீனோடு ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் வெளியே இழுக்கக் கூடாது.

ரஷ்யச் சொல் இன்னொரு பாடம். அதன் முதல் ஒலி அதிர்வொலி, ‘தம்பி’யில் வரும் ‘த’ அல்ல, ‘பந்து’வில் வரும் ‘து’வின் ஒலி. லத்தீனுக்கும் வடமொழிக்கும் அப்படித்தான். நம் எழுத்து இரண்டுக்கும் ஒரே ‘த’வைத் தருவதால், பாதி ஒற்றுமையை நாமே உண்டாக்கியிருக்கிறோம். பட்டியலில் தமிழ் எழுத்தில் மட்டும் வைத்து ஒப்பிட்டால் இப்படிப்பட்ட பொய் ஒற்றுமைகள் குவியும். ஒலிக்குறியீட்டுக்கு ஒரு தனி நெடுவரிசை கட்டாயம் வேண்டும்.

> கொரியாவில் அப்பா அப்பாதான், சீனாவில் நீ நீதான். இதெல்லாம் தற்செயலா?

‘அப்பா’வை விடுங்கள். குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகளைப் பெற்றோர் தங்களுக்கான பெயராக எடுத்துக்கொள்கிறார்கள் என்று 1960இலேயே மொழியியலாளர் யாக்கப்சன் விளக்கிவிட்டார். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா. ஒலிகள் எல்லா வீட்டிலும் ஒன்று, யாருக்கு எது என்பதுதான் வேறு.

‘நீ’ சுவையானது. தமிழில் வேற்றுமை ஏற்கும்போது நின், உன் என்கிறோம், கன்னடத்தில் நீனு. பின்னோக்கிப் போகப் போக இறுதியில் ஒரு னகரம் தெரிகிறது. சீனச் சொல்லைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் அது வேறு பழைய உருவில் போய் நிற்கிறது. உறவுச் சொற்களைப் பின்னோக்கித் தேடினால் ஒழுங்கான ஒலிமாற்றங்கள் வழியாக ஓரிடத்தில் சந்திக்கும். இவை சந்திப்பதில்லை. மறுபக்கம், ஆர்மீனிய ‘எர்க்கு’வும் லத்தீன் ‘துவோ’வும், இரண்டும் ‘இரண்டு’தான், ஒரே வேரில் பிறந்தவை. பார்த்தால் யாராவது நம்புவார்களா? ஆஸ்திரேலியாவில் ம்பபாரம் என்ற மொழியில் நாய்க்கு ‘டாக்’ என்றே பெயர் இருந்தது. அதைப் பதிவு செய்த மொழியியலாளர் டிக்சன், அது ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல, ‘குடக’ என்ற பழைய சொல் தேய்ந்து வந்தது என்று காட்டினார். பக்கத்து மொழியான யிதிஞ்சில் அது ‘குடக’தான்.

இவற்றுக்கு எதிர்ப்புறம், பிறப்பு ஒன்றாக இருந்து பொருள் பிரிந்தவை. ‘அவசரம்’ வடமொழியில் வாய்ப்பு, தருணம். மலையாளம் அந்தப் பொருளையே வைத்துக்கொண்டது. தெலுங்கில் தேவை. நமக்கு மூச்சு முட்டும் வேகம். ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ பரிசு, ஜெர்மனில் அதே எழுத்துகள் நஞ்சு. இரண்டும் ‘கொடுத்தல்’ என்ற ஒரே வேர். கொடுக்கப்பட்ட மருந்தளவு என்று மென்மையாகச் சொல்லிச் சொல்லி ஜெர்மனில் நஞ்சாகிவிட்டது. ‘மருந்து குடித்துவிட்டான்’ என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று யோசித்தால் இது விளங்கும்.

ஆகவே ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. ‘மாறாட்டச்சொல்’ என்ற பரிந்துரை கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஆள்மாறாட்டம் வேண்டுமென்றே செய்வது. ‘நீ’ யாரையும் ஏமாற்றக் கிளம்பவில்லை.

என் பரிந்துரை: பொதுப்பெயர் ‘உருவொத்த சொல்’. பள்ளிப் பாடநூலில் வடிவொத்த முக்கோணம், அமைப்பு ஒத்த உறுப்பு, செயல் ஒத்த உறுப்பு என்று படித்த கை இதை எளிதாக எழுதும். அதற்குள் பிறப்பு ஒன்றானால் ‘வேரொத்தது’, பிறப்பு வேறானால் ‘வேர்வேறு’. அவசரமும் கிஃப்டும் உருவொத்த வேரொத்தவை. ‘நீ’ உருவொத்த வேர்வேறு. எழுத்து வேறாக, ஒலி மட்டும் ஒத்தால் ‘ஒலியொத்த சொல்’. பிறப்பு தெரியாதபோது வேர்க்கட்டம் காலியாக இருக்கட்டும். கேள்விக்குறி போட்டால் அடுத்து வருபவர் அதைப் பாதி உண்மையாக எடுத்துக்கொள்கிறார். ‘இனச்சொல்’ உரு ஒக்காமலும் இருக்கலாம் என்பதால் அதை இதில் கலக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் பட்டியலுக்கு மட்டும் ‘மயக்குசொல்’ இருக்கட்டும். ஏமாற்றுவதே அங்கே செய்தி.

‘உருவொத்த’ என்பது எழுத்துருவோடு குழம்புமா என்பதே எனக்குள்ள ஒரே உறுத்தல். தட்டச்சு, அச்சுத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

‘தா’ வரியை மூன்றாகப் பிரித்துவிட்டேன்: தமிழ் தனி, லத்தீனும் வடமொழியும் சேர்ந்து, ரஷ்யம் தனி. கேள்விக்குறி போய்விட்டது. ‘நெ’ வரியை யாராவது பாருங்கள். பல்கேரியாவில் அது ‘இல்லை’, எல்லைக்கு அப்பால் கிரேக்கத்தில் அதே ஒலி ‘ஆம்’. பட்டியலில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று இருக்கிறது. அதையும் நான்தான் போட்டிருப்பேன்.