டிரம்ஸில் ஃபங்க் க்ரூவ் பழகுவது: 50 பிபிஎம்-ல் மெதுவாக ஆரம்பிப்பதா, 100-லேயே துண்டு துண்டாகப் பழகுவதா?

பதினாறாம்மாத்திரை
பேச்சுக்கு ஒரு க்ரூவ், அதாவது திரும்பத் திரும்ப வரும் தாள அமைப்பு, வைத்துக்கொள்வோம். 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 பீட்). ஒவ்வொரு பீட்டையும் த-க-தி-மி என்று எண்ணுங்கள். ஹை-ஹேட் (ஜோடி சிம்பல்) எல்லா த, தி-யிலும். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) முதல் பீட்டின் த, தி-யிலும், மூன்றாவதின் தி-யிலும். பேக்பீட் (ஸ்னேர் டிரம்மில் விழும் பலமான அடி) 2, 4-ன் த-வில். கோஸ்ட் நோட் (அதே ஸ்னேரில் காதுக்கு லேசாக மட்டும் கேட்கும் மெல்லிய அடி) நாலு: 2-ன் க, 2-ன் மி, 3-ன் க, 4-ன் மி.

எல்லோரும் சறுக்கும் இடம் 2-ன் க. பேக்பீட் அடித்த அதே இடது கை, அடுத்த நொடித்துளியிலேயே மெதுவாக அடிக்க வேண்டும். கோஸ்ட் கோஸ்டாக இல்லாமல் இன்னொரு பேக்பீட்டாகக் கத்தும். என் கட்சி: 50-ல் தொடங்குங்கள். 4 நிமிடம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடினால் மட்டும் 4 பிபிஎம் ஏற்றுங்கள். குறுக்கு வழி கிடையாது.

ரிம்ஷாட்ராணி
இந்த "மெதுவா வாசி, எல்லாம் வரும்" மந்திரத்தை நான் ஒத்துக்க மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்க. 100-ல் ஒரு மாத்திரை (பீட்டில் கால் பங்கு) 150 மில்லிசெகண்ட். 50-ல் 300. 300-ல் பேக்பீட் அடிச்சு, கையை மேலே எடுத்து, திரும்ப இறக்கி, நிதானமா ஒரு கோஸ்ட் வைக்கலாம். 150-ல் அதுக்கு நேரமே இல்லை. அப்போ 50-ல் பழகினது வேற அசைவு. 80 தாண்டினதும் உடையுதுன்னா, கை புதுசா ஒண்ணைக் கத்துக்க வேண்டியிருக்குன்னு அர்த்தம்.

என் வழி: 100-லேயே வைங்க. 2-ன் த, க மட்டும் வாசிச்சு நிறுத்துங்க. மீதி பார் (நாலு பீட் சுற்று) மௌனம். 20 தடவை சரியா வந்ததும் முன்னாடி ஒரு நோட், பின்னாடி ஒரு நோட்னு ஒட்டிக்கிட்டே போங்க.

பதினாறாம்மாத்திரை
கணக்கு சரி, முடிவு தப்பு. 50-ல் கையை மேலே எடுக்கச் சொன்னது யார்? பேக்பீட் அடித்ததும் குச்சி தோலுக்கு 2 செ.மீ. மேலேயே நிற்க வேண்டும். துள்ளலைப் பின்விரல்களால் பிடித்து நிறுத்தி, அங்கேயே காத்திருந்து, அங்கிருந்தே கோஸ்ட். டவர் ஆஃப் பவர் என்ற ஃபங்க் குழுவில் டிரம்ஸ் வாசித்துப் பேர் வாங்கிய டேவிட் காரிபால்டி வலியுறுத்துவது இந்த இரண்டு சத்த அளவுகளைத்தான்: உயரத்திலிருந்து விழுவது, தோலை ஒட்டிக் கிடப்பது. நடுவில் மூன்றாவது உயரம் கிடையாது. இப்படி வாசித்தால் 50-லும் 100-லும் அசைவு ஒன்றுதான், காத்திருப்பு மட்டும் மாறும்.

துண்டு போடுவதில் ஒரு ஓட்டையும் உண்டு. 3-ன் தி-யில் கிக்கும் ஹை-ஹேட்டும் சேர்ந்து விழ வேண்டும். கால் ஒரு இழை பிந்தினால் 100-ல் காதுக்குச் சிக்காது, க்ரூவ் "ஏதோ தளர்வா இருக்கே" என்று மட்டும் தோன்றும். 50-ல் 'ட்ட' என்று இரண்டாகவே கேட்டுவிடும்.

செகண்ட்லைன்பித்து
நீங்க ரெண்டு பேரும் கட்டத்துக்குள்ளேயே நின்னு சண்டை போடுறீங்க பாஸ். தி மீட்டர்ஸ்ங்கிற ஃபங்க் குழு 1969-ல் வெளியிட்ட 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' கேளுங்க. அதில் டிரம்மர் ஜிகபூ மாடலிஸ்ட் வாசிப்பது நேர் பதினாறும் (சமமான தகதிமி) இல்லை, முழு ஷஃபிளும் (மூணு மூணா துள்ளும் தகிட) இல்லை. ரெண்டுக்கும் நடுவில். அதை 50-க்கு இறக்கினா, கை தானா தகதிமி பக்கமோ தகிட பக்கமோ சாய்ஞ்சிடும். நடுவிலே நிற்காது. அந்த ஃபீலுக்கு மெதுவான கிளிக் (மெட்ரோனோம் சத்தம்) உதவாது, ரெக்கார்டோட சேர்ந்து வாசிக்கணும்.

கிளிக் வேணும்னா 100-க்கு 50 வெச்சு, சத்தத்தை 2, 4-ன்னு எடுத்துக்குங்க. அடுத்தது அதே கிளிக்கை மி-யில் விழுறதா பாவிச்சு வாசிங்க. ரெண்டு பார்ல கவிழ்ந்தா, இத்தனை நாள் கிளிக்தான் உங்களைத் தூக்கிட்டு நடந்திருக்கு.

ரிம்ஷாட்ராணி
பித்து சொன்னதில் ரெக்கார்ட் விஷயம் சரி. பதினாறு, "அங்கேயே காத்திருந்து"ன்னு நீங்க சொன்னதையும் எடுத்துக்கறேன். ஆனா அதைச் சொல்லாம வெறும் "50-ல் ஆரம்பி"ன்னு சொன்னா ஆரம்பக்காரர் கையைத் தூக்கத்தான் செய்வார். டிரம்மர் பெர்னார்ட் பர்டியோட ஹாஃப்-டைம் ஷஃபிளிலும் இதே சிக்கல்தான்: தகிடவில் ஹை-ஹேட் த, ட, கோஸ்ட் நடுவில் இருக்கிற கி. பேக்பீட் 3-ன் த-வில் விழுந்த உடனே அதே கை கி வைக்கணும்.

இன்னொண்ணு. கோஸ்ட் சத்தத்தை போனில் ரெக்கார்ட் பண்ணிச் சரி பார்க்கிறவங்க, தானா சத்தம் ஏத்திக்கிற வசதியை அணைச்சிட்டுப் பாருங்க. இல்லேன்னா சின்ன சத்தத்தையெல்லாம் போனே தூக்கிக் காட்டும், நல்லா இருக்கிற கோஸ்ட்டைக் கெடுத்துக்குவீங்க.

பதினாறாம்மாத்திரை
அது நியாயம். ஸ்னேரையும் பாருங்கள். அடிக்கம்பிகளை இறுக்கி வைத்திருந்தால் மெல்லிய அடிக்கு அவை பேசாது. கை அதை ஈடுகட்ட பலமாக அடிக்கத் தொடங்கும். திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அப்புறம் கையைக் குறை சொல்லுங்கள். ரப்பர் பேடில் (சத்தம் வராத பயிற்சிப் பலகையில்) மட்டும் பழகுவதும் ஏமாற்றுதான், அது தரும் துள்ளல் தொய்வான ஸ்னேர் தோல் தராது.

துண்டுகளை ஒட்டி முழு பார் ஆன பிறகு ஒரு தடவையாவது 50-க்கு இறக்கிப் பாருங்கள், ராணி. அந்த 3-ன் தி-க்காக.

ரிம்ஷாட்ராணி
கடைசியில் இறக்குறேன். முதல்ல இல்லை.