வாளி தூக்குறத நிப்பாட்டின கதை: மீன் தொட்டிக்குத் தண்ணி மாத்துற அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

நம்ம தொட்டி மூனடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முட்ட நெரப்பினா 190 லீற்றர் கிட்ட வரும். வாரம் ஒரு தரம் மூனுல ஒரு பங்கு மாத்தணும்னா 60 லீற்றர் வெளிய, 60 லீற்றர் உள்ள. 15 லீற்றர் வாளியில போக நாலு நடை, வர நாலு நடை. வழியில சிந்துற தண்ணிக்கு ஒரு சாக்கு, அந்தச் சாக்க யாரு தொவைக்கிறதுன்னு வீட்டுல ஒரு சண்டை. இப்படியே ரெண்டு வருஷம் ஓட்டினேன்.

தண்ணிய வெளியேத்துறது மலையில ஒரு வேலையே இல்லீங்க. வீட்டுக்குப் பின்னால எட்டடி பள்ளம், அதுக்குக் கீழ லீக்ஸ் பாத்தி. அரை இஞ்சி ஹோஸ ஜன்னல் வழியா பாத்தியில விட்டா ஏழெட்டு நிமிஷத்துல 60 லீற்றரும் போயிரும். கொழும்புல இருக்குறவங்க இதுக்கு மோட்டர் வாங்குறாங்க, நமக்குப் பள்ளமே மோட்டர். லீக்ஸும் நல்லா வருது.

நெரப்புறதுலதான் மாட்டிக்கிட்டேன். முத்தத்துக் குழாயில கனெக்டர் போட்டு, ஹோஸ உள்ள கொண்டாந்து, முனையில அரை இஞ்சி எஸ்-லோன் பைப் துண்டுல ரெண்டு எல்போ வச்சுக் கைத்தடி மாதிரி வளைச்சு, தொட்டி ஓரத்துல தொங்கவிட்டேன். சத்தம் கேக்கக் கூடாதுன்னு முனைய தண்ணிக்குள்ளயே முக்கி வச்சேன். அதுதான் செஞ்ச தப்பு.

நமக்கு வர்றது மேல் மலை ஊத்துத் தண்ணி. ஒரே லைன்தான், நம்ம வீட்டத் தாண்டி கீழ இன்னும் நாலஞ்சு வீட்டுக்குப் போகுது. ஒரு ஞாயித்துக்கிழமை நெரப்பிக்கிட்டு இருக்கப்ப போன் வந்துச்சு, வெளிய போயிட்டேன். அந்த நேரம் பாத்து மேல யாரோ வால்வ மூடிட்டாங்க. திரும்பி வந்து பாக்குறேன், தொட்டியில ஒரு சாண் தண்ணி கொறைஞ்சிருக்கு. ஹோஸ் உறிஞ்சுற சத்தம் மட்டும் கேக்குது. கீழ் வீட்டு அத்தை வாசல்ல நின்னு, “தம்பி, குழாயில பாசி வருதே, மேல என்னப்பா செய்றீங்க?”ன்னு கேட்டாங்க. எனக்கு மூஞ்சியில ஈயாடல.

நடந்தது இதுதான்: மேல தண்ணி நின்னதும் லைன்ல இருந்த தண்ணி கீழ் வீடுகளுக்கு எறங்குது, எறங்குறப்ப முக்கி வச்ச ஹோஸ் வழியா நம்ம தொட்டியையும் சேத்து இழுக்குது. மனுசங்க குடிக்கிற லைனுங்க அது. அன்னைக்கே கைத்தடி வளைவுக்குப் பக்கத்துல, தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு சின்ன ஓட்டை போட்டேன். இழுக்க ஆரம்பிச்சா அந்த ஓட்டையில காத்து பூந்து இழுப்பு அறுந்துரும். தொட்டிப் பக்கத்து முனையில ஒரு போல் வால்வும் மாட்டினேன், மூடுறதுக்கு முத்தத்துக்கு ஓட வேண்டியதில்ல. ரெண்டு எடத்துலயும் ஹோஸ் கிளிப் போட்டேன். கிளிப் போடாம கையால சொருகி வச்சவங்க கதைய வேற யாராவது சொல்லுங்க.

நுவரெலியாவிலிருந்து:

சொருகி வச்சது நான்தான் அண்ணே. கார்ப்பட் போச்சு, வேற ஒன்னுமில்ல.

எங்க பக்கம் பிரச்சினையே குளிர்தான். ஜனவரியில விடியக் காலம ஹோஸ் கம்பு மாதிரி வெறச்சுப் போயிரும், பல்லு வச்ச பிட்டிங்ல ஏறவே ஏறாது. தேத்தண்ணிக்குக் கொதிக்க வச்ச தண்ணியில முனைய ஒரு நிமிஷம் முக்குங்க, வெண்ணெய் மாதிரி ஏறும். ஆறினதும் தானா இறுகிக்கும்.

ஆனா ஹோஸ் வந்ததுல ஒரு கெடுதலும் உண்டு. வாளி காலத்துல கேத்தல் சுடுதண்ணி கலந்து ஊத்துவோம். ஹோஸ் போட்டதும் சோம்பல் வந்து நேரா திறந்துவிட்டேன். தொட்டி 24 பாகை, குழாய்த் தண்ணி 15. மூனுல ஒரு பங்கு மாத்தினா மொத்தமும் 21க்கு எறங்கிரும். நாலஞ்சு நாளுல கப்பி மீன் மேலெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி, பாதிக்கு மேல செத்துப்போச்சு. இப்ப கொட்டகை மேல ஒரு கறுப்பு பெரல் வச்சிருக்கேன். அடியில டேங்க் கனெக்டரும் டெப்பும். மத்தியானம் ரெண்டு மணி போல வெயில்ல தண்ணி இளஞ்சூடா இருக்கப்ப மட்டும் திறப்பேன். மழை நாள்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல மாத்துறதில்ல. கோல்ட்பிஷ் வளக்குறவங்களுக்கு இந்தக் கவலை கொறைவு, அதுக்கு நம்ம ஊர்க் குளிர் ஒத்துக்கும்.

இன்னொன்னு, ஹீட்டர் பிளக்கக் கழட்டாம தண்ணிய எறக்காதீங்க. வெளிய தெரிஞ்ச ஹீட்டர் கண்ணாடி மேல குளிர்ந்த தண்ணி பட்டதும் ‘டிக்’னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பண்டாரவளையிலிருந்து:

எங்களுக்கு டவுன் தண்ணி, குளோரின் வாசம் அடிக்கும். நேரா ஹோஸ்ல விடுறதுன்னா குளோரின முறிக்கிற மருந்த புதுசா வர்ற தண்ணிக்கு மட்டும் கணக்குப் பண்ணாம முழுத் தொட்டிக்கும் கணக்குப் பண்ணி, தண்ணி திறக்க முந்தியே ஊத்திருவேன்.

குழாய் கனெக்டர் அடிக்கடி பிடுங்கிக்கிட்டு அடிச்சதால இப்ப வாஷிங் மெஷின் டெப்புல இருந்துதான் எடுக்குறேன். அது முக்கால் இஞ்சி மரை, அதுக்கேத்த பிட்டிங் ஹார்ட்வெயார்ல சுலபமா கெடைக்கும். திருகிட்டா அசையாது. உறிஞ்சுற முனையில பழைய ஸ்டொக்கிங் துண்டு கட்டுங்க தம்பி. குஞ்சு மீன் ஆறு என் வீட்டு ரோசாச் செடிக்குப் போயிருச்சு.

தலவாக்கலையிலிருந்து:

குழாய்ல மாட்டினா தண்ணி ஓடுற வேகத்துலயே தொட்டியையும் உறிஞ்சும்னு ஒரு சாமான் வாங்கினேன். எங்க லயத்துக் குழாய் வர்ற வேகத்துக்கு அது ஒரு மயிரிழை கூட உறிஞ்சல. உறிஞ்சினாலும் ஒரு வாளிய எடுக்க நல்ல தண்ணி எத்தனையோ வாளி சாக்கடைக்குப் போகும். அண்ணன் சொன்ன மாதிரி பள்ளம்தான் சரி.

ஒரு கேள்வி. வாயால உறிஞ்சாம எப்படித் தொடங்குறீங்க? 2022ல பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்துல கேன் மாத்தி மாத்தி வாய் பழகிருச்சு, ஆனா மீன் தண்ணி ருசி அதவிட மோசம். அந்த ஓட்டை எவ்வளவு பெருசு போட்டீங்கன்னும் சொல்லுங்க.

ஹட்டனிலிருந்து:

வெளி முனைய விரலால பொத்திக்கிட்டு, ஹோஸ் முழுக்கக் குழாய்த் தண்ணி நெரப்பி, மத்த முனைய தொட்டியில முக்கிட்டு, விரல எடுத்தா போதும். வாய் வேணாம். புது ஹோஸ்னா முதல் தண்ணியக் கீழ விட்டுருங்க, ரப்பர் வாசம் போகணும்.

ஓட்டை மூனு மில்லிமீற்றர் இருக்கும். தொட்டி உள்பக்கம் பாத்து போடுங்க, இல்லாட்டி செவத்துல பீச்சும். டிரில் இல்லாததால ஆணியச் சுட வச்சுக் குத்தினேன். ஆணியக் குறடால புடிங்க. நான் துணியச் சுத்திக்கிட்டுக் கையால புடிச்சேன், தழும்பு இன்னும் இருக்கு.