கழுத்துத் தண்டுவட அழுத்தம்: ஒட்டுப் பருவம் முடியும்வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

சந்தூர் நர்சரிக்காரர் மகன்:
அப்பாவுக்கு 61 வயது. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர். சில மாதங்களாகப் பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்ற விரல்கள் மறுக்கின்றன, கத்தி நழுவுகிறது. சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார். நடந்தால் தரை பஞ்சாக இருக்கிறதாம். சர்க்கரை நோய் இல்லை, கழுத்துவலியும் பெரிதாக இல்லை. எம்.ஆர்.ஐ.யில் கழுத்தில் இரண்டு இடங்களில் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது. சீக்கிரம் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார் டாக்டர். "இந்தப் பருவம் போகட்டும்" என்கிறார் அப்பா. கை பழையபடி வருமா?

காரிமங்கலம் வாத்தியார் (ஓய்வு):
தம்பி, வலி இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். இந்த நோயில் வலியே இல்லாமல் கையும் காலும் போகும். அப்பாவைக் கை நீட்டி விரல்களை வேகமாக மூடித் திறக்கச் சொல்லுங்கள். 10 நொடியில் 20 முறையாவது வர வேண்டும். எனக்கு அதில் பாதிதான் வந்தது. சுண்டுவிரல் ஒட்டாமல் விலகியே நின்றது.

எனக்குப் பின்கழுத்து வழியாகச் செய்தார்கள். முதலில் காலின் விறைப்பு தளர்ந்தது. கை மெதுவாகத்தான் வந்தது. வேட்டி கட்ட வந்த பிறகும் பேனா பிடிக்க வரவில்லை. வீட்டில் தட்டில் உளுந்தையும் துவரையையும் கலந்துவைத்துப் பிரிக்கச் சொன்னார்கள்; பள்ளியில் நான் கொடுத்த தண்டனைகளுக்கெல்லாம் பதில்! பெரும்பாலான முன்னேற்றம் முதல் ஆறு மாதங்களில் வரும், ஓராண்டுக்குப் பின் குறையும் என்றார் டாக்டர். அப்படியே நடந்தது. இடது கையில் மரமரப்பு மட்டும் போகவில்லை.

பாலக்கோடு தக்காளி மண்டி:
எங்கள் மாமாவுக்குக் கழுத்தைச் சொடுக்கி எடுத்ததிலேயே சரியானது. ஒருமுறை பார்க்கலாமே.

ஓசூர் பிசியோ:
வேண்டவே வேண்டாம். மாமாவுக்கு இருந்தது வெறும் தசைப் பிடிப்பாக இருக்கலாம். தண்டுவடம் நசுங்கிய கழுத்தைச் சொடுக்கினால் கைகால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. மரம் ஏறுவதையும் நிறுத்துங்கள். உள்ளே தண்டுவடத்துக்கு இடமில்லாத கழுத்து கெட, சிறிய சறுக்கலே போதும்.

இதற்கு 18 மதிப்பெண் அளவுகோல் ஒன்று இருக்கிறது. 15 முதல் 17 வரை லேசான பாதிப்பு. அறுவை சிகிச்சை செய்யலாம், அல்லது கண்காணிப்போடு பயிற்சி செய்து பார்க்கலாம். 14, அதற்குக் கீழே என்றால் அறுவை சிகிச்சைதான் என்கிறது 2017 சர்வதேச வழிகாட்டுதல். மேலும் கெடாமல் நிறுத்துவதே முதல் நோக்கம். நசுங்கிய காலம் நீள நீள, திரும்பக் கிடைப்பது குறையும். அப்பாவுக்கு எத்தனை மதிப்பெண் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சந்தூர் நர்சரிக்காரர் மகன்:
கேட்டேன், 12. விரல் சோதனையும் செய்தோம். எண்ணிக்கையைக் கேட்டதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. செலவுதான் கவலை.

காரிமங்கலம் வாத்தியார் (ஓய்வு):
முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தையும் கொண்டுபோங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஒட்டுக் கட்ட இந்தப் பருவத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து அவர்களை அதட்டட்டும்.